விரல் நுனியில் விதி!

"ஆசைக்கு ஓர் அளவு வேண்டாமா? உழைக்காமல் வரும் பணத்தைத் தேடி ஓடினான். உள்ளதையும் தொலைத்துவிட்டு நிற்கிறான்!" என்கிறார் ஒருவர்.

"அவனைச் சொல்லி என்ன பயன்? சனி திசை நடக்கிறது. பட்டுத்தான் தீரவேண்டும்!" என்கிறார் இன்னொருவர்.

"படித்த பிள்ளை! பகுத்தறிவு பேசும் பிள்ளை! அவனே இப்படி என்றால்..." என்று இழுத்து நிறுத்துகிறார் மூன்றாமவர். நிறுத்திவிட்டு நம்மைப் பார்க்கிறார். அந்தப் பார்வையிலே ஒரு ஏளனம் தெரிகிறது.

ஆரணிப் பட்டுக்காகத் தறி ஓடும் போளூர்த் தெரு ஒன்றில், சென்ற மாதம் நாம் கேட்ட மூன்று தீர்ப்புகள் இவை. குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டவன் ஓர் இளைஞன். நெசவாளியின் மகன். பொறியியல் பட்டம் பெற்றவன். மாலை வேளைகளில் நமது படிப்பகத்துக்கு வந்து, ஏடுகளைப் புரட்டி, இராகுகாலத்தையும் எமகண்டத்தையும் எள்ளி நகையாடி, நம்மோடு வாதிட்டு மகிழ்ந்தவன். பழந்தறியை மாற்றி ஜக்கார்டு பெட்டி பொருத்துவதற்காகத் தந்தை சேர்த்து வைத்திருந்த பணம். அது போதாதென்று பட்டு முதலாளியிடம் வாங்கிய முன்பணம். இரண்டும் சேர்ந்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய். பதினொரே வாரங்களில், கைப்பேசியிலேயே, பங்குச் சந்தையின் 'ஆப்ஷன்' வணிகத்திலேயே, அத்தனையும் கரைந்தது. இப்போது அவன் படிப்பகத்துக்கு வருவதில்லை. தெருமுனையில் நம்மைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுகிறான்.

தந்தை மட்டும் நம்மிடம் வந்தார். "வாத்தியாரே! திருடு போயிருந்தால் திருடனைத் தேடலாம். தீப்பிடித்திருந்தால் சாம்பலையாவது காணலாம். இந்தப் பணம் எங்கே போயிற்று? யார் எடுத்துக்கொண்டார்கள்? அதையாவது சொல்லுங்கள்" என்றார்.

எளிய கேள்விதான். ஆனால் ஊர் கூறிய மூன்று தீர்ப்புகளில் எதுவும் அதற்கு விடை கூறவில்லை. 'விதி' என்றவருக்கு விடை தேவையில்லை. மேலே கைகாட்டிவிட்டால் வேலை முடிந்தது. 'பேராசை' என்றவரோ பகுத்தறிவாளர்போலப் பேசுகிறார். மேலே காட்டாமல் உள்ளே காட்டுகிறார். ஆனால் அவரும் அத்துடன் நிறுத்திக்கொள்கிறார். எந்தச் சொல் கேள்வியை முடித்துவைக்கிறதோ, அந்தச் சொல்லிடம் நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். காலரா வந்தபோது 'மாரியின் சீற்றம்' என்று கூறி முடித்துவைத்தவர்கள், குடிநீர்க் கிணற்றை எட்டிப்பார்க்கவில்லை. பணம் போனபோது 'பேராசை' என்று கூறி முடித்துவைப்பவர்களும் கிணற்றை எட்டிப்பார்க்க மறுக்கிறார்கள். நாம் பார்ப்போம்.

முதலில் மனிதனின் மனத்தைப் பார்ப்போம்.

டேனியல் கானமன், ஆமோஸ் ட்வர்ஸ்கி என்னும் இரு உளவியல் அறிஞர்கள் 1979-ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். மக்களிடம் இரண்டு கேள்விகள் கேட்டனர். முதற்கேள்வி: உறுதியாக 3,000 கிடைக்கும், அல்லது நூற்றுக்கு எண்பது வாய்ப்பில் 4,000 கிடைக்கும், இருபது வாய்ப்பில் ஒன்றுமே கிடைக்காது, எது வேண்டும்? நூற்றுக்கு 80 பேர் உறுதியான 3,000 போதும் என்றனர். இரண்டாம் கேள்வி, அதே எண்களைத் திருப்பிப் போட்டது: உறுதியாக 3,000 இழப்பு, அல்லது நூற்றுக்கு எண்பது வாய்ப்பில் 4,000 இழப்பு, இருபது வாய்ப்பில் இழப்பே இல்லை, எது வேண்டும்? இம்முறை நூற்றுக்கு 92 பேர் ஆபத்தான இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தனர்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலாயிரத்தில் எண்பது விழுக்காடு 3,200. குறைந்த இழப்பை விட்டுவிட்டு, சராசரியில் கூடுதல் இழப்பை நோக்கி ஓடினர் அத்தனை பேரும். ஏன்? இழப்பை இழப்பு என்று ஒப்புக்கொள்ள மனம் துணிவதில்லை. 'எப்படியாவது மீட்டுவிடலாம்' என்ற ஒரு சிறு துளைக்குள் நுழைந்து தப்பவே துடிக்கிறது. இலாபத்தின்போது கோழையாகவும், நட்டத்தின்போது சூதாடியாகவும் ஆகும் இயல்பு, கெட்டவனுக்கு மட்டும் உரியதன்று, எல்லோருக்கும் பொது. இத்துறை ஆய்வுகளுக்காகக் கானமனுக்கு 2002-இல் பொருளியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ட்வர்ஸ்கி அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டார்.

நமக்கு இது புதிய செய்தியா? திருக்குறளின் தொண்ணூற்று நான்காம் அதிகாரம் 'சூது'. தொடக்கத்தில் கிடைக்கும் வெற்றி, மீன் விழுங்கிய தூண்டில் முள் போன்றது என்னும் கருத்தை வள்ளுவர் அங்கே வைத்தார். இழக்க இழக்க அதன்மீது பற்றுக் கூடுகிறது என்பதையும் அதே அதிகாரத்தில் சொல்லிவைத்தார். அறிவுரையாக நாம் மனப்பாடம் செய்தோம். மனித இயல்பைப் பற்றிய ஆராய்ச்சியாக அதைப் படிக்கத் தவறினோம்.

அறிவாளிக்கு இந்த நோய் வராது என்று யாரேனும் கருதினால், அவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்வோம்: ஐசக் நியூட்டன். கோள்களின் இயக்கத்தைக் கணக்கிட்டவர். 1720-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் 'சவுத் சீ' கம்பெனியின் பங்குகள் ஏறின. நியூட்டன் தம் பங்குகளை நல்ல இலாபத்துக்கு விற்று வெளியேறினார். அறிவு அங்கே வேலை செய்தது. ஆனால் பங்கு மேலும் ஏறியது. மற்றவர்கள் மேலும் சம்பாதித்தனர். நியூட்டனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. உச்ச விலையில் மீண்டும் நுழைந்தார், பெருந்தொகை இழந்தார். கோளை ஆண்ட கணக்கு, அண்டை வீட்டுக்காரன் பணக்காரனாவதைக் கண்ட மனத்தை ஆளவில்லை!

நியூட்டனே வீழ்ந்த இடத்தில், போளூர் இளைஞனைப் 'பேராசைக்காரன்' என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது நீதியாகுமா?

"மனித மனம் அன்றும் இன்றும் ஒன்றுதான் என்றால், இன்று மட்டும் ஏன் தெருவுக்குத் தெரு இந்தப் புலம்பல்?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வி. மனம் மாறவில்லை, மனத்துக்கும் பணத்துக்கும் இடையே இருந்த தூரம் மாறிவிட்டது.

முன்பு பங்கு வாங்குவது என்பது ஒரு பயணம். தரகரைக் கண்டுபிடிக்கவேண்டும். காசோலை எழுதவேண்டும். பங்குப் பத்திரம் காகிதத்தில் அஞ்சலில் வரும். விற்பதற்கு மாற்றுப் படிவம் நிரப்பிக் கையெழுத்திடவேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், மோசடிக்கும் அதில் இடமிருந்தது. ஆனால் அந்தச் சலிப்பு, நம்மை அறியாமலே நமக்கு ஒரு வேலி. வங்கிக்கு நடக்கும் வழியில் வெயில் சுடும், நண்பன் எதிர்ப்படுவான், "எங்கே கிளம்பினாய்?" என்பான், வாய்விட்டுச் சொல்லும்போதே நம் திட்டத்தின் மூடத்தனம் நம் காதிலேயே விழும்.

1996-இல் வந்த சட்டம் பங்குப் பத்திரத்தைக் காகிதத்திலிருந்து கணினிக்கு மாற்றியது. 2016-இல் யு.பி.ஐ. வந்து, பணத்தைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்தது. 2020-இல் கொரோனா வந்து, மக்களை வீட்டுக்குள் அடைத்தது. அந்த ஆண்டு மார்ச்சில் நாட்டில் ஏறத்தாழ 4 கோடி டிமேட் கணக்குகள். நான்கே ஆண்டுகளில், 2024 மார்ச்சில், 15 கோடியைத் தாண்டின. தரகர் வீடு சட்டைப்பைக்குள் வந்தது. வேலி மறைந்தது. வெயில் இல்லை, வழியில் நண்பன் இல்லை, "எங்கே கிளம்பினாய்?" என்ற கேள்வி இல்லை. படுக்கையில் கிடந்தபடி, இருட்டில், தனிமையில், ஒரு விரல் அசைவு. அவ்வளவே!

வேகம் ஏறினால் முடிவு சிறக்குமா? அமெரிக்காவில் பார்பர், ஓடியன் என்னும் இரு பேராசிரியர்கள் இதை ஆராய்ந்தனர். தொலைபேசி வழியே பங்கு வாங்கி விற்றுக்கொண்டிருந்து, பின்னர் இணையத்துக்கு மாறிய 1,607 முதலீட்டாளர்களின் கணக்குகளை எடுத்துப் பார்த்தனர். மாறுவதற்கு முன் அவர்கள் சந்தையின் சராசரியைவிட ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கும் மேல் கூடுதலாக ஈட்டியவர்கள், கெட்டிக்காரர்கள்! மாறியபின் சராசரியைவிட மூன்று விழுக்காட்டுக்கும் மேல் பின்தங்கினர். அதே மனிதர்கள், அதே சந்தை. கருவி வேகமானது, அவர்கள் அடிக்கடி வாங்கினர், அடிக்கடி விற்றனர், ஊகம் மிகுந்தனர், அதனால் இழந்தனர். அதே அறிஞர்கள் 66,465 குடும்பங்களின் 1991 முதல் 1996 வரையிலான கணக்குகளையும் ஆராய்ந்தனர். சந்தை ஆண்டுக்கு 17.9 விழுக்காடு வளர்ந்த காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்ற குடும்பங்களுக்குக் கிடைத்தது 11.4 விழுக்காடு மட்டுமே.

இன்னொன்றும் உண்டு. கருவி ஊமையன்று, அது பேசுகிறது. பச்சை ஒளிர்கிறது, சிவப்பு மினுக்குகிறது, நள்ளிரவில் மணியடித்து எழுப்புகிறது. அமெரிக்காவின் 'ராபின்ஹுட்' என்னும் செயலி, வாடிக்கையாளர் வணிகம் செய்ததும் திரையில் வண்ணக் காகிதத் துண்டுகளைத் தூவி விழாக் கொண்டாடியது. இது முதலீடா, விளையாட்டா என்ற கண்டனம் எழவே, 2021-இல் அதைக் கைவிட்டது. எண்ணிப் பாருங்கள்! இலாபம் வந்தால் கொண்டாடலாம். பணத்தைக் கட்டியதற்கே கொண்டாட்டமா? யாருக்கு அது கொண்டாட்டம்? வாங்கினாலும் விற்றாலும், வென்றாலும் தோற்றாலும், ஒவ்வொரு அசைவுக்கும் வருவாய் பெறுபவருக்கு!

கோயில் வாயிலில் உடுக்கை அடித்துக் குறி சொல்பவனைக் கண்டால் நமக்குச் சிரிப்பு வருகிறது. கண்ணைப் பறிக்கும் குங்குமமும், காதைத் துளைக்கும் உடுக்கையும், சிந்தனையைத் தூங்கவைக்கும் கருவிகள் என்று மேடைதோறும் முழங்குகிறோம். திரையில் மினுக்கும் சிவப்பும், சட்டைப்பையில் ஒலிக்கும் மணியும் வேறென்ன வேலை செய்கின்றன?

இப்போது நெசவாளியின் கேள்விக்கு வருவோம். பணம் எங்கே போயிற்று?

'ஆப்ஷன்' என்பது என்ன? குறித்த நாளுக்குள் ஒரு பங்கோ, 'நிஃப்டி' போன்ற ஒரு குறியீடோ, குறித்த விலையைத் தாண்டும் அல்லது இறங்கும் என்று ஊகித்து, அந்த உரிமைக்கு ஒரு கட்டணம் செலுத்துவது. ஊகம் பலித்தால் கட்டணம் பல மடங்காகும். கெடு நாளுக்குள் பலிக்காவிட்டால் கட்டணம் முழுவதும் போகும். பட்டு வணிகரும் பருத்தி விவசாயியும் விலை வீழ்ச்சியிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்தத்தக்க கருவிதான் இது. ஆனால் காத்துக்கொள்ளப் பொருளே இல்லாதவன் இதை வாங்கும்போது, அவன் வாங்குவது பாதுகாப்பன்று, பந்தயம். அதிலும் வாரந்தோறும் முடியும் பந்தயம்.

சந்தையின் காவல் அமைப்பான 'செபி' 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இத்தகைய முன்பேர, ஆப்ஷன் வணிகத்தில் இறங்கிய தனிநபர் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் நூற்றுக்கு 93 பேர் இழந்தனர். சராசரி இழப்பு, செலவுகள் உட்பட, தலைக்கு ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். மொத்த இழப்பு 1 லட்சத்து 80 ஆயிரம் கோடிக்கும் மேல். ஒரு லட்சத்துக்குமேல் இலாபம் கண்டவர் நூற்றில் ஒருவர்! இழந்தவர்களில் முக்கால் பங்கினருக்கும் மேற்பட்டோர், தொடர்ந்து இழந்த பின்னும், மீண்டும் அதே வணிகத்தைத் தொடர்ந்தனர். வள்ளுவர் சொன்னதற்குச் செபி எழுதிய உரை என்றே இதைக் கொள்ளலாம்.

இழந்தவர் யார்? 2023-24-இல் இவ்வணிகம் செய்தவர்களில் நூற்றுக்கு 43 பேர் முப்பது வயதுக்குக் குறைந்தவர்கள். முக்கால் பங்கினர்க்கும் மேற்பட்டோர், தம் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்கும் குறைவு என்று தெரிவித்தவர்கள். நூற்றுக்கு எழுபது பேருக்கும் மேல், நாட்டின் முதல் முப்பது பெருநகரங்களுக்கு வெளியே வாழ்பவர்கள். இளைஞன்; ஏழை நடுத்தரம்; சிற்றூர். தோழர்களே, இது யாரோ ஒருவருடைய படம் அன்று. நம் தெருவின் படம்!

பெற்றவர் யார்? அதையும் அவ்வாய்வு சொல்கிறது. 2023-24-இல் தனிநபர்கள், செலவுகள் நீங்கலாகவே, 61 ஆயிரம் கோடி இழந்தபோது, சொந்தக் கணக்கில் வணிகம் செய்யும் நிறுவனங்கள் 33 ஆயிரம் கோடியும், வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்கள் 28 ஆயிரம் கோடியும் இலாபம் பெற்றன. அந்த இலாபத்தில் நூற்றுக்கு 96, 97 பங்கு, மனிதன் விரலால் தொட்டு ஈட்டியதன்று. கணினிக்கு எழுதிவைத்த கட்டளைத் தொகுப்பின் வழியே இயந்திரம் ஈட்டியது.

எனவே நெசவாளத் தந்தையே! உம் பணத்தைத் தலைவிதி எடுத்துச் செல்லவில்லை. சனி எடுத்துச் செல்லவில்லை. தூங்காத, பயப்படாத, 'மீட்டுவிடலாம்' என்று பதறாத ஓர் இயந்திரத்துக்கு எதிரே, தூக்கம் கெட்டு, பயந்து, பதறிய உம் மகன் அமர்த்தப்பட்டான். ஒரு பங்கு அங்கே போயிற்று. இன்னொரு பங்கு, ஒவ்வொரு அசைவுக்கும் தரகாகவும் கட்டணமாகவும் வரியாகவும் போயிற்று. தராசின் இரு தட்டும் சமம் என்று அவனிடம் சொன்னார்கள், சமமாக இல்லை.

"இயந்திரத்தைக் குறை சொல்கிறீரே, இயந்திரமே இல்லாத இடத்தில் மக்கள் ஏமாறவில்லையா?" என்று மறுப்பவர் உண்டு. ஏமாந்தார்கள், ஏமாறுகிறார்கள். 1906-இல் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தது. துரைமார் நடத்தும் வங்கி என்ற ஒரே நம்பிக்கையில் பணம் போட்ட ஆயிரக்கணக்கானோர் தெருவில் நின்றனர். அந்த அடியின் வலியிலிருந்துதான் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. அன்று ஏமாற்றியது இயந்திரமன்று. வெள்ளைத் தோலின் மதிப்பு.

அண்மைச் செய்தியையும் பாருங்கள். சென்னை அமைந்தகரையில் தலைமையகம் வைத்து, நமது மாவட்டம் உட்படப் பல இடங்களில் கிளை பரப்பிய 'ஆருத்ரா கோல்டு டிரேடிங்' மீது, 2022 மே மாதம் பொருளாதாரக் குற்றப்பிரிவுக் காவல்துறை நடவடிக்கை எடுத்தது. மாதம் 25 முதல் 30 விழுக்காடு வரை வட்டி தருவதாகக் கூறி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டியது என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு.

மாதம் முப்பது விழுக்காடு! நம் வகுப்பில் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இதைக் கணக்காகவே கொடுத்தோம். ஒரு லட்சம் ரூபாய், மாதம் 30 விழுக்காடு, கூட்டு வட்டி. ஓராண்டில் 23 லட்சம். மூன்றாண்டில் 126 கோடி. நான்காண்டில் 2,900 கோடிக்கும் மேல்! ஒருவர் போட்ட ஒரே ஒரு லட்சம் நான்கே ஆண்டில், அத்தனை பேரிடமும் திரட்டியதாகச் சொல்லப்படும் மொத்தத் தொகையையும் விஞ்சிவிடுகிறது. பிள்ளைகள் சிரித்தனர். "இப்படி எங்கேயாவது நடக்குமா, சார்?" என்றனர். அவர்களின் வீடுகள் சிலவற்றில், பெரியவர்கள் சிரிக்காமல் இத்தகைய கணக்கை நம்பி நகையை அடகு வைத்திருந்தனர்.

பெரியவர்களுக்குக் கணக்குத் தெரியாதா? தெரியும். பாவில் இத்தனை இழை என்று எண்ணி நெய்பவர்கள், ஜரிகையைக் குன்றிமணி அளவு ஏமாற்றினாலும் கண்டுபிடிப்பவர்கள். ஆனால் அவர்கள் கணக்கைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்கு முதல் மாத வட்டி வந்தது. அந்த வட்டிப் பணத்தின் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. முன்பு ஒரு வதந்தி ஆரணியிலிருந்து போளூருக்கு வர ஒரு சந்தை நாள் ஆகும். அதற்குள் யாராவது ஒருவர் ஐயம் எழுப்பியிருப்பார். இன்று ஒரே நொடியில் நூறு வீடுகளுக்கு வருகிறது; வருவது வென்றவனின் படம் மட்டுமே. இழந்தவன் படம் அனுப்புவதில்லை. அவன் வேறு சந்தில் திரும்பிவிடுகிறான்.

இங்கேதான் நாம் சொல்ல வந்த செய்தி இருக்கிறது. இழந்தவனைப் 'பேராசைக்காரன்' என்று ஊர் ஏசுகிறது. ஏச்சுக்கு அஞ்சி அவன் வாய் மூடுகிறான். அவன் வாய் மூடுவதால் அடுத்த வீட்டான் எச்சரிக்கை பெறுவதில்லை. அடுத்த வீட்டானும் விழுகிறான். ஆக, அறநெறி பேசுவதாக எண்ணிக்கொண்டு நாம் உதிர்க்கும் அந்த ஒரு சொல், வலை விரித்தவனுக்கு இலவச ஊழியம் செய்கிறது! வெட்கம் இழந்தவனுக்கு, விளம்பரம் வென்றவனுக்கு, வருவாய் இருவரிடமும் கட்டணம் பெற்றவனுக்கு. இதுவா நீதி?

நாமும் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். இரண்டாண்டுகளுக்கு முன், ஆசிரியர் அறையில் ஒருவர் காட்டிய இலாபத்தைக் கண்டு, நாமும் ஒரு செயலியை இறக்கினோம். முதல் வாரம் நாலாயிரம் ரூபாய் வந்தது. நம் அறிவுக்குக் கிடைத்த பரிசு என்று நம்பினோம். அடுத்த ஆறு வாரங்களில் முப்பத்தெட்டாயிரம் போயிற்று. ஒவ்வொரு இழப்பின்போதும், 'இன்று மட்டும். மீட்டதும் நிறுத்திவிடலாம்' என்றோம். அதே வாரத்தில்தான், பள்ளியில் சோதிடத்தின் பொய்மை பற்றி நாம் முழங்கினோம்! 'பலித்த குறியை நினைவில் வைப்பார்கள், பொய்த்த குறியை மறந்துவிடுவார்கள்' என்று கரும்பலகையில் எழுதிய அதே கை, மேசைக்கு அடியில் கைப்பேசியைத் தடவியது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், படிப்பகத்தில் நம் எதிரே அமர்ந்திருந்த அந்த இளைஞன் கேட்டிருப்பான். அவன் தந்தையின் தறிக்கு ஜக்கார்டு பெட்டி வந்திருக்கும். பேராசை என்று யாரைச் சுட்டுவது? நம் மௌனத்துக்கும் அதில் பங்கு உண்டு.

சரி, அப்படியானால் கைப்பேசியை உடைத்து எறியலாமா? பங்குச் சந்தையே பாவம் என்று ஒதுங்கலாமா? கூடாது. முன்பு பம்பாய்த் தரகர்களுக்கும் செல்வக் குடும்பங்களுக்கும் மட்டுமே திறந்திருந்த கதவு அது. இன்று ஒரு நெசவாளியின் மகள், மாதம் ஐந்நூறு ரூபாய் சேமித்து, நாட்டின் பெருந்தொழில்களில் பங்குடையவள் ஆகலாம். அந்தக் கதவைத் திறந்ததும் இதே கருவிதான். சமத்துவத்தை விரும்பும் நாம் அதை வெறுக்க முடியாது. ஆண்டுக்கணக்கில் பொறுத்திருப்பவனுக்கு அது ஏணி. நிமிடக்கணக்கில் துடிப்பவனுக்கு அது பொறி. ஒரே கருவி! வேறுபாடு வேகத்தில் இருக்கிறது.

"தன் பணம், தன் விருப்பம், வயது வந்தவனைத் தடுக்க நீர் யார்?" என்றும் கேட்பர். உரிமையை மதிக்கிறோம். ஆனால் உரிமை என்பது சிந்தித்துத் தேர்ந்தெடுக்கும் உரிமை. சிந்திக்கும் இடைவெளியைத் திட்டமிட்டு அகற்றிவிட்டு, 'நீயே தேர்ந்தெடுத்தாய்' என்பது உரிமையன்று. உரிமையின் பெயரால் நடக்கும் சூழ்ச்சி. தமிழ்நாட்டில் 1968-இல் அரசே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியது. பல குடும்பங்கள் சீரழிந்ததைக் கண்டபின், 2003-இல் பரிசுச் சீட்டு விற்பனை தடை செய்யப்பட்டது. பேருந்து நிலையத்தில் சீட்டு விற்றவனை விரட்ட முடிந்த சமுதாயம், சட்டைப்பைக்குள் குடியேறிய விற்பனைக்காரனுக்கு விதி வகுக்க முடியாதா? முடியும். 2024 நவம்பரில் செபி, வாரந்தோறும் முடியும் குறியீட்டு ஆப்ஷன்களைச் சந்தைக்கு ஒன்றாகக் குறைத்தது. ஒப்பந்தத்தின் குறைந்த அளவையும் உயர்த்தியது. வைப்புத் தொகை மோசடிகளுக்கென 1997-இலேயே தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியது. சட்டம் வேண்டும், இன்னும் கூர்மையாக வேண்டும். ஆனால் சட்டம் பெரும்பாலும் வீடு எரிந்தபின் வரும் தண்ணீர்.

எரியுமுன் செய்யவேண்டியது நம் வேலை. கல்லை நம்பாதே என்றோம். கட்டத்தை நம்பாதே என்றோம். அவை எளிய பாடங்கள். கடினமான பாடம் ஒன்று மீதியிருக்கிறது: பதறும்போது உன் மனத்தையே நம்பாதே! பகுத்தறிவு என்பது பிறர் மூடநம்பிக்கையைக் கண்டு சிரிக்கும் திறமை மட்டுமன்று. தன் மூளை தன்னை ஏமாற்றும் தருணத்தைக் கண்டறியும் பயிற்சி அது.

அந்தப் பயிற்சிக்குப் பெரிய கல்வி தேவையில்லை. பணத்தைப் பற்றிய எந்த முடிவுக்கும் ஓர் இரவு இடைவெளி கொடுப்போம். நாளை வரை பொறுக்காத வாய்ப்பு, நமக்கான வாய்ப்பன்று. விரலால் தொடுமுன், பேனாவால் காகிதத்தில் கணக்கெழுதுவோம். பாதியை இழந்தவன் பழைய நிலைக்கு வர, மிஞ்சியதை இரு மடங்காக்கவேண்டும் என்ற எளிய கணக்கை நினைவில் வைப்போம். 'நான் வென்றால் இழப்பவன் யார், நான் இழந்தால் பெறுபவன் யார்?' என்று கேட்போம். விடை தெரியாவிட்டால் விலகுவோம். எல்லாவற்றுக்கும் மேலாக, இழந்ததை வாய்விட்டுச் சொல்வோம். அழிக்கப்பட்ட அந்தப் பழைய வேலியை, "எங்கே கிளம்பினாய்?" என்று கேட்ட அந்த நண்பனை, நாமே ஒருவருக்கொருவர் மீட்டுக் கொடுப்போம்.

அடுத்த ஞாயிறு மாலை, போளூர்ப் படிப்பகத்தில் இதைப் பற்றித்தான் பேச இருக்கிறோம். முதலில் நம் முப்பத்தெட்டாயிரத்தின் கதையை, கரும்பலகையில் எழுதி, நாமே சொல்ல இருக்கிறோம். நெசவாளத் தந்தையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இழைகளை எண்ணிப் பழகிய அவர், இந்த எண்களையும் எண்ணிப் பார்க்கட்டும்.

அவர் மகனுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். தம்பி! நீ தோற்றவன் அல்ல, தெரிந்துகொண்டு வந்தவன். உன்னிடம் கேட்டறிய இந்தத் தெருவில் பலர் இருக்கிறார்கள். சந்தில் திரும்பாதே. நேரே வா, உன் நாற்காலி அப்படியேதான் இருக்கிறது!